ரொட்டிக்கல்லில் உலர்ந்த படலம்: ஈயப் பெரோவ்ஸ்கைட்டை விட்டுப் பிசுமதுக்குப் போன ஒரு மாணவர் செயற்றிட்டம்

பின்னணி

இது இலங்கையின் மலையகத்தில் நடந்த ஒரு சம்பவத்தின் பதிவு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர், தோட்டம், நிறுவனம், ஆண்டு எதையும் நான் எழுதவில்லை. அந்த ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். இரசாயனப் போத்தல்கள் வெளியே போனால் பதிவேட்டில் ஒப்பமிடுவது என் வேலை. இந்தக் கதையில் வெளியே போன போத்தலுக்கு ஒப்பமிட்டதும் நான்தான்.

மாணவர் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு அவர் எடுத்த பொருள் மெதைலமோனியம் ஈய அயடைட்டு. பெரோவ்ஸ்கைட் சூரியக் கலங்கள் என்று எல்லோரும் பேசுகிற அந்தக் கறுப்புப் படலம்தான். பெரோவ்ஸ்கைட் என்ற பெயர் 1839இல் யூரல் மலையில் கண்டெடுத்த ஒரு கல்சியம் தைத்தேனியம் ஒட்சைட்டுக் கனிமத்துடையது. அதே படிக அமைப்பில் ஈயமும் அயடினும் சேர்ந்த பொருளை 2009இல் ஜப்பானில் மியாசகாவின் குழு சூரியக் கலத்தில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த வினைத்திறன் 3.8 சதவீதம். இன்று அந்தக் குடும்பத்துக் கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. வேறெந்தக் குறைகடத்தியும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு தூரம் வந்ததில்லை.

மாணவரின் கேள்வி நல்ல கேள்வி. சூரியக் கலங்களின் ஈரத் தாங்குதிறனை 85 பாகை வெப்பம், 85 சதவீத ஈரப்பதன், 1,000 மணித்தியாலம் என்ற கணக்கில்தான் உலகம் சோதிக்கிறது. "எங்க பக்கம் 85 பாகை எங்க சேர் வரப்போகுது? குளிரும் பனியும்தான். விடிய விடியத் தகரத்துல தண்ணி வடியுது. அதுல இது என்னாகும்னு யாராச்சும் பார்த்திருக்காங்களா?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார். மேற்பார்வையாளருக்குப் பிடித்துப்போனது. எனக்கும்தான்.

ஏப்ரல் முடிவில் 12 படலங்கள் தயாராயின. ஒவ்வொன்றும் 2.5 சென்ரிமீற்றர் சதுரக் கண்ணாடித் துண்டு. மேலே மூடிக் கண்ணாடி, ஓரத்தில் எப்பொக்சிப் பசை. விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூரையில் வைத்து, தினமும் காலையில் கைத்தொலைபேசியில் படமெடுக்க வேண்டும் என்பது திட்டம். கூடவே ஒரு 10 மில்லிலீற்றர் போத்தலும் போனது. அதில் ஈய அயடைட்டையும் மெதைலமோனியம் அயடைட்டையும் டைமெதைல் போமமைட்டில் கரைத்த ஒரு மோலார்க் கரைசல். ஏதாவது படலம் பழுதானால் புதிதாகப் பூசிக்கொள்ளலாம் என்றார். எங்கே பூசுவீர்கள், எதில் சூடாக்குவீர்கள் என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டில் அதற்கு நிரலும் இல்லை.

ஜூன் மாதத்து அழைப்பு

தென்மேற்குப் பருவமழை பிடித்து இரண்டு வாரம். ஒரு காலை ஆறரை மணிக்கு மாணவர் அழைத்தார். இரவு வீசிய காற்றில் கூரையில் வைத்திருந்த தட்டு சரிந்துவிட்டது. சில கண்ணாடிகள் கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள் விழுந்துவிட்டன. பீலித் தண்ணீர் நேரே விழுவது வீட்டுப் பின்புறத்துப் பீப்பாவில். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவுவார்கள், குளிப்பார்கள், வேலிக்குள் வைத்திருக்கிற லீக்ஸுக்கும் புதினாவுக்கும் ஊற்றுவார்கள். குடிநீர் வேறு குழாயில் வருகிறது.

"அண்ணா, பீப்பாத் தண்ணிய என்ன செய்றது?" என்பதுதான் அவர் கேட்டது. தொடாமல் மூடி வைக்கச் சொல்லிவிட்டு, இருக்கிற நிலைமையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

வந்த படங்களில் கூரை இருந்தது, பீலி இருந்தது, உடைந்த கண்ணாடி இருந்தது. கறுப்பாக இருந்த படலம் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தது. ஈரம் பட்டால் மெதைலமோனியம் பகுதி கழன்றுபோய், மஞ்சள் நிற ஈய அயடைட்டு மிஞ்சும். அது எதிர்பார்த்ததுதான். நான் நின்று பார்த்தது ஐந்தாவது படத்தை. தவறுதலாக எடுபட்ட படம் போலிருந்தது. குசினிச் சுவர். அடுப்பு மேடைக்குப் பக்கத்துப் பலகையில் ஓர் ஐஸ்கிறீம் டப்பா, அதற்குள் ஒரு கணினி மின்விசிறி. டப்பாவைச் சுற்றிச் சுவரில் மிளகுத்தூள் சிதறியதுபோல் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள்.

அன்றைக்கே ஹற்றன் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் கண்டது

அது இரண்டு அறையும் ஓர் இஸ்தோப்பும் (முன் திண்ணை) கொண்ட லயன் வீடு. மாணவரின் தாய் அன்று பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகவில்லை. தமையனின் நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார்.

மாணவர் எதையும் மறைக்கவில்லை. மே மாதம் முழுக்க வீட்டில் படலம் பூசிப் பழகியிருக்கிறார். மின்விசிறியின் நடுவில் இரட்டைப்பக்க நாடாவால் கண்ணாடியை ஒட்டி, சுழலவிட்டு, துளிக்கருவியால் கரைசலைச் சொட்டுவது. சுழல்பூச்சு இயந்திரம் வாங்கப் பணமில்லாத பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள். முதலில் முன்னறையில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஈரலிப்பில் படலம் சாம்பல் பூத்ததுபோல் வந்திருக்கிறது. எங்கே காற்று காய்ந்திருக்கும் என்று யோசித்திருக்கிறார். மழைக்காலத்து லயத்தில் காய்ந்த இடம் ஒன்றுதான், அடுப்படி. அங்கே வைத்ததும் படலம் பளபளவென்று வந்துவிட்டது. பூசிய கண்ணாடியை 100 பாகையில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். அதற்கு வீட்டு ரொட்டிக்கல்.

இதை வாசிப்பவர் கோபப்படுவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் செய்தது முட்டாள்தனமில்லை. ஈரப்பதனைப் பற்றிக் கற்றதை வைத்து வீட்டில் மிகக் காய்ந்த இடத்தைத் தேடியிருக்கிறார். விஞ்ஞானமாகப் பார்த்தால் சரியான முடிவு. அந்த இடத்தில் ரொட்டி சுடுகிறார்கள் என்பதுதான் பிழை.

தாய் சொன்னது இரண்டு. ஒன்று, "அவன் அத செய்யிற நேரம் மீன் கவிச்சையாட்டம் ஒரு வாடை வரும் தம்பி. நான் கதவத் தெறந்து விட்டுருவேன்." அது கரைப்பானின் வாடை. டைமெதைல் போமமைட்டு மூச்சாலும் தோலாலும் உடலுக்குள் போகும், ஈரலைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இரண்டாவது, நான் ஈயம் என்று சொன்னபோது அவர் கேட்டது: "ஈயச்சட்டியில தானே தம்பி நாங்க காலங்காலமா ஆக்கித் திங்கிறோம்?"

அவர் கேட்டது நியாயம். எங்கள் பேச்சில் ஈயச்சட்டி என்றால் அலுமினியச் சட்டி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசியது வெள்ளீயம். பழைய பற்றரிக்குள் இருப்பது காரீயம். மூன்று உலோகத்துக்கும் வாய்வழக்கில் ஒரே பெயர். "ஈயம் கூடாது" என்று நான் எத்தனை தரம் சொன்னாலும் அவர் காதில் விழுவது சட்டிதான். "பற்றரிக்குள்ள இருக்குமே, அந்தக் காரீயம்மா" என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மாணவர்களிடமும் நான் காரீயம், வெள்ளீயம் என்றே சொல்கிறேன். இந்தக் குறிப்பிலும் குழப்பம் வரக்கூடிய இடங்களில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

கணக்கு

பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றே ஒரு கணக்குப் போட்டோம். படலத்தின் தடிப்பு சுமார் 500 நனோமீற்றர். அந்தச் சேர்வையின் நிறையில் மூன்றிலொரு பங்கு காரீயம். ஒரு சதுர மீற்றர்ப் படலத்தில் 0.7 கிராம் வரும். எங்கள் துண்டொன்றில் 0.43 மில்லிகிராம். பன்னிரண்டும் சேர்ந்தால் 5 மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டும்.

பீப்பா 200 லீற்றர். பன்னிரண்டு துண்டிலிருந்த காரீயமும் முழுதாகக் கரைந்து போயிருந்தால் லீற்றருக்கு 26 மைக்கிரோகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு 10. உடைந்து பீலியில் கிடந்தவை இரண்டு. ஒன்றைக் காணவில்லை. அந்த மூன்றும் கரைந்திருந்தால் 6.5. ஆனால் இது எல்லாம் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஈய அயடைட்டு தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், 25 பாகையில் லீற்றருக்கு முக்கால் கிராம் அளவில். எங்கள் மில்லிகிராம் கணக்குக்கு அந்தக் கொஞ்சமே தாராளம்.

பிறகு போத்தலைக் கையில் எடுத்தேன். பத்து மில்லிலீற்றரில் நாலுதான் மிச்சம். ஒரு மோலார்க் கரைசலின் ஆறு மில்லிலீற்றரில் 1.24 கிராம் காரீயம். கிராம், மில்லிகிராம் அல்ல. கூரையில் இருந்ததைப்போல் ஏறக்குறைய 240 மடங்கு. அது எங்கே போனது? சுழல்பூச்சில் சொட்டுகிற கரைசலில் பெரும்பகுதி வெளியே வீசப்படும். அவர் ஒரு தரம் சொட்டியது 0.2 மில்லிலீற்றர். அதிலுள்ள 41 மில்லிகிராம் காரீயத்தில் கண்ணாடியில் தங்குவது அரை மில்லிகிராமும் இல்லை. நூற்றில் ஒரு பங்கு படலம், மீதி தொண்ணூற்றொன்பதும் ஐஸ்கிறீம் டப்பாவிலும் பத்திரிகைத் தாளிலும் சுவரிலும்.

கூரையைப் பார்க்க ஓடிவந்தோம். பிரச்சினை குசினியில் இருந்தது. பெரோவ்ஸ்கைட் நஞ்சைப் பற்றி நான் வாசித்த பெரும்பாலான விவாதங்கள் உடைந்த பலகையிலிருந்து மழையில் எவ்வளவு கசியும் என்பதைப் பற்றியவை. அதுவும் பெரிய கேள்விதான். புதினாச் செடியை வைத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரோவ்ஸ்கைட்டிலிருந்து மண்ணுக்குப் போகும் ஈயம் மற்ற ஈய மாசைவிடப் பத்து மடங்கு எளிதாகச் செடிக்குள் ஏறுகிறது என்று காட்டியது. பீலிக்குக் கீழே இருந்தது புதினாப் பாத்தி என்பதால் அந்த ஆய்வு எனக்கு அன்று நினைவுக்கு வந்தது. ஆனால் எங்களைப் போன்ற சிறிய ஆய்வுகூடங்களில் காரீயம் இருப்பது பலகையில் அல்ல. போத்தலில், துடைத்த தாளில், கழற்றிப்போட்ட கையுறையில்.

உடனடி முடிவுகள்

பெருக்கக் கூடாது, தூசி எழும். எல்லாவற்றையும் ஈரத் தாளால் துடைத்தோம். டப்பா, விசிறி, பத்திரிகை, பலகை, துடைத்த தாள், கண்ணாடித் துண்டுகள் அத்தனையும் மூடியுள்ள ஒரு பெயின்ற் வாளிக்குள் போயின. சுவரின் சுண்ணாம்புப் பூச்சை ஈரப்படுத்தி ஒரு முழ அகலத்துக்குச் சுரண்டி எடுத்தோம். புதினாப் பாத்தியின் மேல்மண்ணைச் செடியோடு இரண்டு விரற்கடை ஆழத்துக்கு அள்ளினோம். ரொட்டிக்கல்லைக் கழுவிப் பாவிக்கலாமா என்று மாணவர் கேட்டார். இரும்பில் எண்ணெய் ஏறிய பரப்பு அது, துளைக்குள் எது இருக்கிறதென்று பார்க்க முடியாது. கல்லும் வாளிக்குள் போனது.

பீப்பாத் தண்ணீரை ஊற்றிவிடலாம், கணக்கில் அளவு குறைவுதானே என்பது மாணவரின் கருத்து. நான் சம்மதிக்கவில்லை. பீப்பாவுக்குக் கீழே இன்னும் மூன்று லயம். கணக்கு சரியென்று மாதிரி சொல்லும்வரை மூடியே இருக்கட்டும் என்றேன். மேலிருந்து ஒன்றும் அடியிலிருந்து ஒன்றுமாக இரண்டு மாதிரி எடுத்தோம். இரண்டு வாரத்தில் வந்த அறிக்கையில் இரண்டுமே வழிகாட்டி அளவுக்குக் கீழே இருந்தன. அடியிலிருந்து எடுத்தது மற்றதைவிடக் கூட.

பிள்ளையை வைத்தியரிடம் காட்டச் சொன்னோம். இரத்த மாதிரி கொழும்புக்குப் போனது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. ஆனால் பிள்ளைகளின் இரத்தத்தில் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று கிடையாது என்பதுதான் மருத்துவத்தின் நிலைப்பாடு. ஆகவே அந்தப் பதிலை நிம்மதி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மேற்பார்வையாளரிடம் அன்று மாலையே முழுவதையும் சொன்னேன். ஒப்பம் என்னுடையது என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "செயற்றிட்டத்தை நிறுத்தினால் அவனுக்கு ஒரு வருடம் போகும். ஈயத்தை நிறுத்துவோம்" என்றார்.

காரீயத்துக்குப் பதில் எது

சொல்வது சுலபம். காரீயம் அந்தப் படிகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதன் வெளியோட்டில் பிணைப்பில் முழுதாக இறங்காத ஒரு 6s இலத்திரன் சோடி இருக்கிறது. அந்தச் சோடி படிகத்தின் பட்டை அமைப்பை (இலத்திரன்கள் இருக்கக்கூடிய சக்தி மட்டங்களை) வளைத்துவைத்திருக்கிற விதத்தால்தான், படிகத்தில் ஓட்டை இருந்தாலும் ஒழுங்கீனம் இருந்தாலும் இலத்திரன்கள் அவற்றில் சிக்கிக்கொள்ளாமல் ஓடுகின்றன. விசிறியில் பூசி ரொட்டிக்கல்லில் சூடாக்கிய படலமும் வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். சிலிக்கனில் இப்படிச் செய்து பார்க்க முடியாது.

எங்களிடம் இருந்தது ஐந்து மாதம். காற்றுப் படாமல் உள்ளே கைவிட்டு வேலை செய்கிற கையுறைப் பெட்டி கிடையாது. நைதரசன் உருளை ஒன்று இருந்தது.

முதலில் வெள்ளீயம். ஆவர்த்தன அட்டவணையில் காரீயத்துக்கு நேர் மேலே இருப்பது, அதேபோன்ற இலத்திரன் சோடியும் உண்டு. காரீயமில்லாத சூரியக் கலங்களில் மற்றெல்லாவற்றையும் விட முன்னே நிற்பதும் அதுதான், 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. 2014இல் முதலில் வந்தவை ஆறு சதவீதம் அளவில் இருந்தன. ஆனால் வெள்ளீயத்தின் அந்தச் சோடி காரீயத்தினுடையதைப்போல் இறுக்கமாகக் கட்டுண்டிருக்கவில்லை. ஒட்சிசன் கண்டால் விட்டுவிடும். +2 நிலையிலிருந்து +4க்குப் போய்விடும். நைதரசன் நிரப்பிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு ஒரு தரம் பூசிப் பார்த்தோம். படலம் அழகான கறுப்பு. பையைத் திறந்தோம். மாணவர் தேநீர் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் ஓரங்கள் வெளுத்துவிட்டன.

வெள்ளீயம் என்றாலே தீங்கில்லை என்ற எண்ணத்தையும் அந்த வாரத்தில் விட்டோம். வரிக்குதிரை மீன் முட்டைகளில் 2016இல் செய்த ஒப்பீட்டில், வெள்ளீய அயடைட்டு ஈய அயடைட்டைவிட மோசமாக நடந்துகொண்டது. தண்ணீரில் சிதைந்து அது அமிலத்தை விடுவதுதான் காரணம். காரீயம் உடலில் தங்கி ஆண்டுக்கணக்கில் செய்கிற கேடு வேறு, இது வேறு. ஆனாலும் பீப்பாவுக்குள் விழுந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பொருள் இல்லை.

அடுத்தது சீசியம் வெள்ளி பிசுமது புரோமைட்டு. பிசுமது (bismuth) அட்டவணையில் காரீயத்துக்குப் பக்கத்து உலோகம். இரண்டு காரீய அயன்களின் இடத்தில் வெள்ளி ஒன்று, பிசுமது ஒன்று என்று மாறிமாறி வைத்த இரட்டைப் பெரோவ்ஸ்கைட். 2016இல் அறிமுகமானது. காற்றுக்கும் ஈரத்துக்கும் நன்றாகத் தாங்கும். எக்ஸ் கதிர் உணரியாக அதை வைத்து நல்ல வேலைகள் வந்திருக்கின்றன. சூரியக் கலத்துக்கு அவ்வளவு சரிவராது. பட்டை இடைவெளி, அதாவது இலத்திரனைக் கிளப்ப ஒளி கொடுக்க வேண்டிய குறைந்த சக்தி, 2 இலத்திரன் வோல்ற்றை ஒட்டியது. அதுவும் நேரடியல்ல, ஒளியை உறிஞ்சுவது மந்தம். படலமாக்க 250 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். எங்கள் சூடாக்கித் தட்டு 200க்கு மேல் போனால் நடுங்கும். ஒரே ஒரு படலம் செய்தோம். நல்ல மஞ்சள் நிறத்தில் வந்தது. மஞ்சளைக் கண்டால் செத்துப்போன படலம் என்று பழகிய மாணவர் அதைக் குப்பை வாளியில் போடப் போனார். இதன் ஆரோக்கிய நிறமே மஞ்சள்தான் என்று மேற்பார்வையாளர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கடைசியில் தெரிவானது சீசியம் பிசுமது அயடைட்டு. பிசுமது +3 அயனில் காரீய +2 அயனில் இருக்கிற அதே எண்ணிக்கை இலத்திரன்கள். பிசுமதுச் சேர்வைகளை வயிற்று மருந்தாகவே கொடுக்கிறார்கள், பார உலோகங்களில் அதுதான் சாது. 100 பாகை வெப்பமே போதும், சாதாரணக் காற்றில் பூசலாம். குறை எங்கே என்றால், அயனின் மின்னேற்றம் ஒன்று கூடுவதால் படிகம் முப்பரிமாணமாகத் தொடராது. இரண்டு இரண்டு பிசுமதாகத் தனித்தனித் தீவுகளாகிவிடும். இலத்திரன் தீவுக்குத் தீவு தாவ வேண்டும். பட்டை இடைவெளியும் 2 இலத்திரன் வோல்ற்று அளவில். சூரிய ஒளிக்கு உகந்தது 1.34. ஆகவே இதில் சூரியக் கலம் செய்தால் ஒரு சதவீதம் வருவதே பெரிது.

இந்த இடத்தில்தான் மேற்பார்வையாளர் எடுத்த முடிவு செயற்றிட்டத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். "சூரியக் கலம் என்ற எண்ணத்தை விடு. வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்துக்கு உகந்த இடைவெளி எவ்வளவு?" என்று கேட்டார். மாணவர் தேடிப் பார்த்துவிட்டு வந்து, சுமார் 1.9 என்றார். அறைக்குள் இருக்கும் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் செங்கீழ்க் கதிர் (அகச்சிவப்பு) அநேகமாகக் கிடையாது. அதனால் சூரியனுக்கு ஒத்துவராத பிசுமது, அந்திமனிச் சேர்வைகள் அறைக்குள் பொருந்துகின்றன. காரீயத்துக்குப் பதிலாக எதை வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தோம். எந்த வேலைக்கு என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். தலைப்பு "ஒளியுணரி" என்று மாறியது.

அடுத்த ஐந்து மாதம்

பொருளைச் செய்வதே கண்ணுக்கு விருந்து. கல்லுரலில் வெள்ளைச் சீசியம் அயடைட்டையும் கரும் சாம்பல் பிசுமது அயடைட்டையும் போட்டு அரைக்க அரைக்க, கால் மணித்தியாலத்தில் செம்மஞ்சள் தூளாக மாறியது. கரைப்பானே வேண்டாம். படலத்துக்கு மட்டும் டைமெதைல் சல்பொட்சைட்டில் கரைத்தோம். அது டைமெதைல் போமமைட்டைவிடச் சாது. ஆனால் தனக்குள் கரைந்திருப்பதைத் தோலினூடாக உள்ளே இழுத்துக்கொண்டு போகக்கூடியது, கையுறை கழற்றக் கூடாது.

முதல் படலங்கள் பார்க்கச் செம்மையாக இருந்தன, அளந்தால் ஒன்றுமில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. அறுகோணத் தட்டுகள் ஓடு சிதறியதுபோல் தனித்தனியே கிடந்தன, இடையில் வெறும் கண்ணாடி. கண்ணாடியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பூசியதும் தட்டுகள் சிறிதாகி நெருங்கின. மின்வாய்க்கு முதலில் வெள்ளிப் பசை போட்டது இன்னொரு பிழை. அயடைட்டு வெள்ளியைத் தின்றுவிடும், இரண்டு நாளில் மின்வாய் நிறம் மாறிவிட்டது. காபன் பசைக்கு மாறினோம். அதன் பின்தான் விளக்கைப் போட்டால் மின்னோட்டம் ஏறுவதும் அணைத்தால் இறங்குவதும் மானியில் தெரிந்தது. நனோஅம்பியர் அளவுதான். அன்று மாணவர் விளக்கின் ஆளியை எத்தனை தரம் போட்டுப் போட்டு அணைத்தார் என்று எண்ணவில்லை.

ஈரச் சோதனை மறுபடியும் நடந்தது, இம்முறை ஆய்வுகூடத்தின் வெளித்தாழ்வாரத்தில், கீழே தட்டு வைத்த மூடிய பெட்டிக்குள். ஒக்ரோபர் பனியில் ஏழு வாரம். பெட்டியின் உட்புறமெல்லாம் நீர் முத்து. படலங்களின் நிறம் மாறவில்லை. ஒப்பீட்டுக்கான காரீயப் படலம் ஒன்று மட்டும் ஆய்வுகூடத்துக்கு உள்ளேயே முத்திரையிட்ட குடுவையில் இருந்தது. நான்காம் நாள் மஞ்சள்.

பக்கவாட்டில் ஒரு முயற்சி, நேரம் மிஞ்சியதால். சீசியம் அயடைட்டு மூன்று, செப்பு அயடைட்டு இரண்டு என்ற மூல் விகிதத்தில் அரைத்தால் நீல ஒளி விடும் ஒரு தூள் கிடைக்கும். அதுவும் காரீயமற்றது, 2018க்குப் பின் ஒளிகாலும் பொருளாகப் பேசப்படுவது. மாணவர் அரைத்து, கள்ளநோட்டுப் பார்க்கிற டோர்ச்சை அடித்தார். ஒன்றுமே இல்லை. முகம் வாடிவிட்டது. அந்த டோர்ச் 365 நனோமீற்றர், இந்தப் பொருளுக்கு அது போதாது. இரசாயனப் பகுதியிலிருந்து 254 நனோமீற்றர் விளக்கை இரவல் வாங்கி வந்து, அறையை இருட்டாக்கிப் பிடித்தோம். உரலின் அடியெல்லாம் நீலம். உலக்கையின் நுனி, மேசையில் சிந்தியது, மாணவரின் கையுறை விரல்கள், கதவுப் பிடியில் ஒரு பொட்டு.

கதவுப் பிடியைப் பார்த்து நானும் அவரும் ஒன்றும் பேசவில்லை. சுழல்பூச்சில் என்ன சிதறியது, எங்கெல்லாம் போனது என்று மே மாதத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே தெரிந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்குக் காரீயத்தைத் தொட விடும் முன் இந்த நீலத் தூளை ஒரு மணி நேரம் அரைக்க விட்டு, விளக்கை அணைத்துக் காட்டுகிறோம்.

விளைவு

ஆய்வறிக்கை டிசம்பரில் சமர்ப்பிக்கப்பட்டது. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி, "வினைத்திறன் எத்தனை சதவீதம்?" கலமே இல்லை, உணரி என்று மாணவர் பதில் சொன்னார். அடுத்த கேள்வியும் வினைத்திறன் பற்றியதே. கூடப் படித்தவர்கள் காரீயத்தோடு இரட்டை இலக்கத்தில் நின்றார்கள். அவருக்குக் கிடைத்த புள்ளி அவர்களைவிடக் குறைவு. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் தேர்வாளர்கள் விதிக்கு மாறாக எதுவும் செய்யவில்லை.

இன்னொரு விளைவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தில் "ஈயமற்றது" என்று ஒட்டிய போத்தல்கள் பெருகின. அடுத்த தொகுதி மாணவர் ஒருவர் மிச்சப் பிசுமது அயடைட்டைக் கழுவுதொட்டியில் ஊற்றி, சுடுதண்ணீர் விட்டார். தொட்டி முழுக்கச் செங்கல் நிறத்தில் பிசுமது ஒட்சியயடைட்டு படிந்தது, கூடவே அமிலம். "ஈயம் இல்லைத்தானே சேர்" என்றார். அந்த ஒட்டுத்தாள்களை எடுத்துவிட்டேன். இப்போது போத்தலில் என்ன இல்லை என்று எழுதுவதில்லை. என்ன இருக்கிறது என்று எழுதுகிறோம்.

இனி எப்படிச் செய்வோம்

பதிவேட்டில் இரண்டு நிரல் கூட்டினேன்: எங்கே பூசப்படும், எதில் சூடாக்கப்படும். காரீயக் கரைசல் எந்தக் காரணத்துக்கும் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. முத்திரையிட்ட படலம் போகலாம், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப்படும். விடுமுறையில் வீட்டில் செய்கிற வேலைக்கு அரைத்துச் செய்கிற பொருட்கள் மட்டும், அதுவும் குசினிக்கு வெளியே.

தொடக்கத்திலேயே காரீயமற்ற பொருளோடு ஆரம்பித்திருப்போமா? எனக்குத் தெரிந்தவரை இல்லை. சூரியக் கலத்தில் காரீயத்துக்கு ஈடானது இன்னும் வரவில்லை, அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. படிக்கிற இடம் அடுப்படியாகக் கூடாது. மேற்பார்வையாளருக்கு இதில் வேறு கருத்து. இளமாணி மட்டத்தில் காரீயமே வேண்டாம் என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

மாணவரின் தாய்க்கு ஹற்றனில் ஒரு புதிய ரொட்டிக்கல் வாங்கிக் கொடுத்தேன். எண்ணெய் போட்டுப் பழக்க ஒரு மாதம் பிடித்தது, பழைய கல்லில் மாதிரி ரொட்டி எழும்பவில்லை என்று இன்றும் சொல்கிறார்.

அடுத்த ஆண்டு மார்ச்சில், வெயில் காலத்தில், அந்த லயத்துக்குத் தகரம் மாற்றினார்கள். மாணவர் அப்போது வேலைக்குப் போய்விட்டார், லீவில் வந்திருந்தார். பழைய தகரத்தின் மடிப்புக்குள் பன்னிரண்டாவது துண்டு அகப்பட்டது என்று படம் அனுப்பினார். எப்பொக்சி ஒரு பக்கம் விட்டிருந்தது. கறுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெறும் கண்ணாடி.